நன்றி மறந்தவர்களைப் பற்றி ரோமானியர்கள் என்ன சொன்னார்கள்?

கேள்வி இது: "சொந்தக்காரர் ஒருவருக்கு ஆறேழு வருடம் பணமாகவும் அலைச்சலாகவும் உதவினேன். இப்போது எதிரில் வந்தாலும் பார்க்காததுபோல் போகிறார். அதையே நினைத்து நினைத்துத் தூக்கம் போய்விட்டது. ஸ்டோயிக் தத்துவம் படித்தால் எதையும் கண்டுகொள்ளாமல் இருக்கப் பழகலாம் என்கிறார் நண்பர். அறம், நன்றி, மன அமைதி பற்றி அந்த ரோமானியர்கள் உண்மையில் என்ன சொன்னார்கள்? எதிலிருந்து தொடங்கலாம்?"

நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் கண்டுகொள்ளாமல் இருக்கும் வித்தையைத் தேடி அந்த நூல்களைத் திறந்தால் ஏமாந்துபோவீர்கள். உங்களுக்கு நடந்ததை அவர்கள் சின்ன விஷயமாக நினைக்கவே இல்லை. கிரேக்கத்தில் பிறந்து ரோமில் பரவிய அந்த ஸ்டோயிக் தத்துவத்தைப் பின்பற்றிய செனகா, இதைப் பற்றி மட்டுமே ஏழு பாகங்களில் ஒரு நூல் எழுதினார். லத்தீனில் அதன் பெயர் 'தே பெனெஃபிசியிஸ்'. 'உதவிகளைப் பற்றி' என்று தமிழில் சொல்லலாம். யாருக்குக் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது, எப்படி வாங்கிக்கொள்வது, வாங்கியவர் மறந்துபோனால் என்ன செய்வது, இவ்வளவுதான் அதில் இருக்கிறது. இவ்வளவுதான் என்றாலும், மனிதரை மனிதரோடு கட்டிவைப்பதில் இதைவிடப் பெரிய கயிறு வேறு இல்லை என்பது அவருடைய எண்ணம்.

அவர் தம் கடைசிக் காலத்தில் லூசிலியஸ் என்ற நண்பருக்கு எழுதிய கடிதங்களில் 124 நமக்குக் கிடைத்திருக்கின்றன. அதில் 81ஆவது கடிதத்தின் தொடக்கம் உங்களுக்கே எழுதியதுபோல் இருக்கும். நன்றிகெட்ட ஒருவனிடம் மாட்டிக்கொண்டதாக வருத்தப்படுகிறாய், இதுதான் முதல் தடவை என்றால் உன் அதிர்ஷ்டத்துக்கோ உன் எச்சரிக்கைக்கோ நன்றி சொல்லிக்கொள் என்று ஆரம்பிக்கிறார். உடனே அடுத்த வரியில், இந்த விஷயத்தில் எச்சரிக்கை அதிகமானால் அது உன்னைக் கஞ்சனாக்கும், அவ்வளவுதான் அதனால் முடியும் என்கிறார். ஒரு போகம் பொய்த்தால் அடுத்த போகம் விதைக்காமலா இருக்கிறோம்? கப்பல் உடைந்து தப்பித்தவனும் மறுபடி கடலுக்குப் போகிறான். ஏமாந்த ஒவ்வொரு தடவையும் கையை இழுத்துக்கொண்டால் வாழ்க்கையே ஓரிடத்தில் நின்றுவிடும்.

இதை ஒரு ரோமானியர் இவ்வளவு தீவிரமாக எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. அந்த ஊர் இயங்கியதே உதவிகளின் மேல்தான். விடிந்ததும் செல்வாக்குள்ளவர் வீட்டு வாசலில் ஆட்கள் வந்து நிற்பார்கள். வழக்கில் துணை வேண்டும், யாருக்காவது சிபாரிசு வேண்டும், கொஞ்சம் பணம் வேண்டும். பதிலுக்கு அவர் வெளியே போகும்போது கூடவே நடப்பார்கள், தேர்தல் வந்தால் அவருக்காக நிற்பார்கள். கொடுப்பதும் வாங்குவதும் அன்றாடம் நடந்ததால், அதில் வரும் கசப்பும் அன்றாடம் இருந்தது. லத்தீனில் 'கிராட்டியா' என்ற ஒரே சொல் செய்த உதவியையும் குறிக்கும், அதற்குக் காட்டும் நன்றியையும் குறிக்கும். தமிழிலும் 'நன்றி' என்ற சொல்லுக்குப் பழைய பொருள் செய்த நன்மைதான் என்பதால் இது நமக்குச் சட்டென்று புரிகிறது.

செனகா சொன்னதிலேயே எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது முதல் பாகத்திலேயே வந்துவிடுகிறது. உதவியைக் கையால் தொட முடியாது என்கிறார். நீங்கள் கொடுத்த பணம், போய்வந்த நடை, பேசி முடித்த காரியம் எல்லாம் உதவியின் அடையாளங்கள். உதவி என்பது அதைச் செய்த மனம். பணத்தைத் திருடலாம், வீடு எரியலாம், வாங்கியவர் மறக்கலாம். ஆனால் நல்ல மனத்தோடு செய்துமுடித்த செயலை நடக்காததாக்க யாராலும் முடியாது. ஸ்டோயிக்குகள் அறத்தைப் பற்றிச் சொல்லும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுவே. நல்லது என்று பெயர் வைக்கத் தகுந்த ஒரே பொருள் நம் மனத்தின் தன்மை. மற்றதெல்லாம் வரும், போகும். அப்படிப் பார்த்தால் உங்கள் சொந்தக்காரர் உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டு போனது என்ன? நீங்கள் எதிர்பார்த்த மரியாதையை எடுத்துக்கொண்டார். அது வலிக்கும்தான். ஆனால் அந்த ஆறேழு வருடம் நீங்கள் எப்படிப்பட்ட ஆளாக இருந்தீர்கள் என்பதை அவரால் தொட முடியாது.

சரி, இதைச் சொல்வது சுலபம். செனகாவுக்கும் அது தெரிந்திருந்தது. அதனால்தான் கொடுக்கும் விதத்தையும் வாங்கும் விதத்தையும் பக்கம் பக்கமாக ஆராய்கிறார். பந்து விளையாட்டை உதாரணம் காட்டுகிறார். பந்து கீழே விழுந்தால் தவறு எறிந்தவருடையதாகவும் இருக்கலாம், பிடித்தவருடையதாகவும் இருக்கலாம். கை தேர்ந்தவரிடம் வேகமாக எறியலாம். பழகாதவருக்கு மெதுவாக, கையில் வந்து உட்காரும்படி போட வேண்டும்.

எறியத் தெரியாதவர் என்ன செய்வார் என்பதற்கு ஒரு கதையும் சொல்கிறார். ரோமின் உள்நாட்டுப் போர்க் காலத்தில் மூவராட்சி நடந்தபோது, கொல்லப்பட வேண்டியவர்களின் பெயர்ப் பட்டியல்கள் வெளியாயின. அப்படிச் சாக இருந்த ஒருவரை, அந்த மூவரில் ஒருவரான சீசருக்கு (பின்னாளில் அகஸ்டஸ் ஆனவர்) வேண்டிய ஒருவர் காப்பாற்றிவிட்டார். காப்பாற்றியதோடு நின்றிருக்கலாம். போகிற இடமெல்லாம் "இவனை நான்தான் சாவிலிருந்து பிடுங்கிவந்தேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் அந்த மனிதர் பொறுக்க முடியாமல் கத்தினாராம்: "என்னைச் சீசரிடமே திருப்பிக் கொடுத்துவிடு!" உன் காட்சிப்பொருளாக என்னைச் சுற்றிக்காட்டத்தான் காப்பாற்றினாய் என்றால் நான் உனக்கு எதுவும் கடன்படவில்லை என்பது அவர் வாதம்.

இதை உங்களைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. நீங்கள் அப்படிச் செய்திருப்பீர்கள் என்று நான் நினைக்கவும் இல்லை. ஆனால் நம்மிடம் உதவி வாங்கியவர் நம் முகத்தைப் பார்க்கத் தயங்குவதற்கு எப்போதும் கெட்ட மனமே காரணமாக இருக்காது. சில சமயம் வெட்கம். சில சமயம், திருப்பித் தர முடியாத பெரிய கடன் கொடுத்தவரைக் கண்டால் வரும் மூச்சுமுட்டல். நன்றி மறப்பதற்குச் செனகா காட்டும் காரணங்கள் மூன்று. தன்னைப் பற்றிய மிதமிஞ்சிய எண்ணம், அதாவது 'இது எனக்குக் கிடைக்க வேண்டியதுதானே' என்பது முதலாவது. அப்புறம் பேராசை. அடுத்ததாக, பக்கத்தில் இருப்பவனுக்கு இன்னும் அதிகம் கிடைத்ததே என்ற பொறாமை. மூன்றுமே கொடுத்தவரைப் பற்றியவை அல்ல, வாங்கியவரின் உள்ளே நடப்பவை. ராத்திரி விழித்துக்கொண்டு 'நான் என்ன குறை வைத்தேன்' என்று கணக்குப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கொடுத்தவர் உடனே மறந்துவிட வேண்டும், வாங்கியவர் ஒருநாளும் மறக்கக் கூடாது என்ற அவருடைய விதியைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். அதை அப்படியே எடுத்துக்கொண்டு, 'மறக்க முடியவில்லையே, நான் சரியில்லையோ' என்று குழம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஏழாம் பாகம் வரை படிப்பதில்லை. அங்கே செனகாவே விளக்கம் கொடுக்கிறார். சில விதிகளை வேண்டுமென்றே மிகையாகச் சொல்கிறோம், மனிதர்கள் எப்படியும் கொஞ்சம் குறைத்துக்கொண்டு சரியான அளவுக்கு வந்து சேர்வார்கள் என்பதால்தான். மறந்துவிடு என்றால் சொல்லிக்காட்டாதே, பெருமை அடிக்காதே, பாரமாகாதே என்று அர்த்தம். நினைவே இருக்கக் கூடாது என்று அவர் கேட்கவில்லை.

வாங்கும் விதத்தில் அவர் எழுதியிருப்பது கொடுக்கும் விதத்தைவிட அழகு. உதவியை மனமகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டவர் அதன் முதல் தவணையைக் கட்டிவிட்டார் என்கிறார். பல வருடங்களுக்கு முன் என் தந்தை மருத்துவமனையில் இருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு வாரம் தினமும் இரவில் எனக்குத் துணையாக வந்து உட்கார்ந்திருந்தார். 'எதற்கு உங்களுக்குச் சிரமம், வேண்டாமே' என்று ஒவ்வொரு இரவும் சொல்லிக்கொண்டே இருந்தேன். அதை அடக்கம் என்று நினைத்தேன். செனகாவைப் படித்த பிறகுதான் நான் அவரை எவ்வளவு தள்ளியே வைத்திருந்தேன் என்று தெரிந்தது. அவர் வந்ததில் எனக்கு எவ்வளவு ஆறுதல் என்பதை ஒருமுறைகூட முகத்தில் காட்டவில்லை. முதல் தவணையே கட்டாமல் விட்ட கடன் அது.

சாக்ரடீஸின் மாணவர்கள் அவரவர் வசதிக்கு ஏற்ப அவருக்குப் பொருள் கொடுத்தார்களாம். ஏஸ்கினஸ் என்ற ஏழை மாணவர் வந்து, உங்களுக்குத் தகுந்ததாக என்னிடம் எதுவும் இல்லை, இந்த ஒரு விதத்தில்தான் நான் ஏழை என்பது எனக்குத் தெரிகிறது, என்னிடம் இருக்கும் ஒரே பொருளான என்னையே தருகிறேன் என்றார். வாங்கிக்கொண்டதைவிட மேலான நிலையில் உன்னை உனக்கே திருப்பித் தரப் பார்க்கிறேன் என்றார் சாக்ரடீஸ். இந்தக் கதையும் செனகா சொல்வதுதான். கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்றே தெரியாமல் போகிற இடம் அது.

நன்றி மறப்பதைச் சட்டப்படி குற்றமாக்கலாமா என்ற கேள்வியைக்கூட அவர் விடவில்லை. கூடாது என்கிறார். இந்த ஒரு சட்டத்துக்கு இருக்கிற நீதிமன்றங்கள் எல்லாம் சேர்ந்தாலும் போதாது. அதைவிட முக்கியமாக, வழக்குப் போட்டு வாங்கலாம் என்று ஆனதுமே உதவி கடனாக மாறிவிடும், அதன் சிறப்பே போய்விடும். நன்றி சொல்லாமல் இருக்க வழி இருப்பதால்தான் நன்றி சொல்வதற்கு மதிப்பு. அடிமை தன் எசமானுக்கு உதவி செய்ய முடியுமா என்றும் கேட்கிறார். அடிமை செய்வதெல்லாம் கடமை, அதில் உதவி எங்கே என்பதுதான் அன்றைக்குப் பலருடைய எண்ணம். செனகா முடியும் என்கிறார். பார்க்க வேண்டியது மனத்தை, அந்தஸ்தை அல்ல. அடிமைகளின் உழைப்பில் வாழ்ந்த ஒரு நகரத்தில் இருந்துகொண்டு இதை எழுதினார் என்பது எனக்கு முக்கியம்.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். இதையெல்லாம் எழுதியவர் பேரரசன் நீரோவின் ஆசிரியர், பிறகு ஆலோசகர். அரசரின் நட்பால் நான்கே வருடத்தில் 30 கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) சேர்த்தார் என்று எதிரிகள் அவர்மேல் குற்றம் சாட்டியதை வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் பதிவு செய்திருக்கிறார். கி.பி. 62இல் தாம் பெற்ற செல்வத்தையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி செனகா நீரோவிடம் கேட்டார். நீரோ இனிக்க இனிக்கப் பேசி மறுத்துவிட்டான். கி.பி. 65இல், தன்னைக் கொல்ல நடந்த சதியில் பங்கிருந்ததாகச் சொல்லித் தற்கொலை செய்துகொள்ளக் கட்டளையிட்டான். கொடுங்கோலன் ஒரு பொருளைக் கொடுத்து, வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வான் என்ற நிலையில் என்ன செய்வது என்று 'தே பெனெஃபிசியிஸ்' நூலில் ஓர் இடம் வருகிறது. கட்டாயம் வந்த இடத்தில் நீ வாங்கிக்கொள்ளவில்லை, கீழ்ப்படிகிறாய் என்று எழுதுகிறார். அந்த வரியைப் படிக்கும்போது அவருடைய வீடு, தோட்டம் எல்லாம் கண்முன் வந்துபோகும். அவரை மகான் ஆக்க வேண்டியதில்லை. சிக்கிக்கொண்ட மனிதர் ஒருவர் தம் சிக்கலை நேராகப் பார்த்து எழுதியிருக்கிறார் என்பதாலேயே நான் அவரை நம்புகிறேன்.

மன அமைதிக்கென்று அவர் தனியாக ஒரு நூல் எழுதியிருக்கிறார், செரேனஸ் என்ற இளம் நண்பருக்காக. செரேனஸ் தம் நிலையைச் சொல்லும் விதம் அருமை: நோயும் இல்லை, சுகமும் இல்லை, புயலில் சிக்கி நான் தவிக்கவில்லை, ஆனால் குமட்டல் நிற்கவில்லை. பெரிய துன்பம் எதுவும் இல்லாமலே நிம்மதி இல்லாதவர்களுக்கு இந்த வரி உறைக்கும். செனகா கொடுக்கும் மருந்துகள் ரொம்பச் சாதாரணமானவை. தாங்கக்கூடிய அளவுக்கு வேலையை எடுத்துக்கொள், நண்பர்களைத் தேர்ந்து பழகு, தனிமையையும் கூட்டத்தையும் மாற்றி மாற்றி வைத்துக்கொள், வெளியே நடந்துவிட்டு வா. நடுவில் யூலியஸ் கானஸ் என்பவரின் கதை வருகிறது. பேரரசன் கலிகுலா அவருக்கு மரண தண்டனை விதித்திருந்தான். நூற்றுவர் தலைவன் வந்து கூப்பிட்டபோது கானஸ் பலகையில் காய் வைத்து விளையாடிக்கொண்டிருந்தார். காய்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "நான் செத்த பிறகு நீதான் ஜெயித்தாய் என்று பொய் சொல்லாதே" என்று எதிராளியிடம் சொன்னார். பிறகு நூற்றுவர் தலைவனைப் பார்த்து, "நான் ஒரு காய் முன்னால் இருக்கிறேன், நீதான் சாட்சி" என்றார்.

அந்தச் செரேனஸ் இளம் வயதிலேயே, நச்சுக் காளான் சாப்பிட்டு இறந்துபோனார். அவருக்காக நான் அளவு மீறி அழுதேன் என்று செனகா 63ஆவது கடிதத்தில் ஒப்புக்கொள்கிறார். அமைதியைப் பற்றி யாருக்கு நூல் எழுதினாரோ அவருக்காகவே அழுதிருக்கிறார். கண்டுகொள்ளாமல் இருப்பதைக் கற்றுக்கொடுக்கிறவர் செய்கிற காரியம் இல்லை இது.

ரோமானிய அரசியல்வாதியும் பேச்சாளருமான சிசரோ ஸ்டோயிக் இல்லை. இருந்தாலும் அவரை விட்டுவிட முடியாது. நன்றியுணர்வு மற்ற எல்லா நற்குணங்களுக்கும் தாய் என்று அவர் சொன்னது பலருக்குத் தெரியும், எங்கே சொன்னார் என்பது பெரும்பாலும் தெரியாது. கி.மு. 58இல் அவர் ரோமைவிட்டுத் துரத்தப்பட்டு அலைந்தபோது, மாசிடோனியாவில் பதவியில் இருந்த பிளான்சியஸ் அவருக்கு அடைக்கலம் கொடுத்தார். நான்கு வருடம் கழித்து அந்தப் பிளான்சியஸ் மேல் தேர்தல் முறைகேட்டு வழக்கு வந்தது. அவருக்காக நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாதாடிய உரையில் வருவதுதான் அந்த வரி. தம்மைக் காப்பாற்றியவர் குற்றவாளிக் கூண்டில் நிற்கும் நேரத்தில் சொன்னது.

எபிக்டெட்டஸ் அடிமையாகப் பிறந்தவர். கால் ஊனம். விடுதலை பெற்றுத் தத்துவம் கற்பித்தவரை, மற்ற தத்துவவாதிகளோடு சேர்த்து பேரரசன் டொமிஷியன் நாடுகடத்தினான். கிரேக்கத்தின் நிக்கோபொலிஸில் பள்ளி நடத்தினார். நான் நைட்டிங்கேல் என்ற பாடும் பறவையாக இருந்தால் அதன் வேலையைச் செய்திருப்பேன், அறிவுள்ள மனிதனாக இருக்கிறேன், கிழவன், நொண்டி, கடவுளைப் பாடுவதைத் தவிர வேறு என்ன வேலை எனக்கு என்று அவர் சொன்னதை அவர் மாணவர் அரியன் எழுதிவைத்திருக்கிறார். இவ்வளவு குறைவாகக் கிடைத்த ஒருவர் இவ்வளவு நிறைவாகப் பேசுவது எனக்கு இன்னும் வியப்புத்தான்.

இனி மார்க்கஸ் அரேலியஸ். கி.பி. 161இலிருந்து 180 வரை பேரரசர். கொள்ளைநோய், வடக்கு எல்லையில் ஓயாத போர், பெற்ற பிள்ளைகளில் பலரைச் சிறு வயதிலேயே பறிகொடுத்த துயரம். தமக்காக மட்டும் கிரேக்க மொழியில் எழுதிவைத்த குறிப்புகளைத்தான் இன்று 'தியானங்கள்' என்று படிக்கிறோம். விடிந்ததும் மனத்துக்குள் சொல்லிக்கொள்: இன்றைக்கு நன்றிகெட்டவனை, திமிர் பிடித்தவனை, வஞ்சகனைச் சந்திக்கப்போகிறேன் என்று இரண்டாம் புத்தகம் தொடங்குகிறது. ஐந்தாம் புத்தகத்தில் உதவி செய்கிறவர்களை மூன்று வகையாகப் பிரிக்கிறார். ஒருவர் செய்த உடனே கணக்கில் எழுதிக்கொள்வார். ஒருவர் வெளியே கேட்கமாட்டார், ஆனால் மனத்துக்குள் கடன்காரனாக வைத்திருப்பார். மூன்றாமவர் திராட்சைக் கொடி மாதிரி. பழுத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த பருவத்துக்குப் பழுக்கப் போய்விடும். ஒன்பதாம் புத்தகத்தின் முடிவில் உங்கள் விஷயத்துக்கே நேராக வருகிறார். நன்றியில்லாதவன் என்று ஒருவனைக் குறை சொல்லும்போது உன்னை நோக்கித் திரும்பு, கண் தான் பார்த்ததற்குக் கூலி கேட்குமா, கால் நடந்ததற்குக் கூலி கேட்குமா என்கிறார்.

நேர்மையாகச் சொன்னால் நம்மில் பெரும்பாலானவர்கள் அந்த இரண்டாம் வகை. நானும் அதில்தான் இருக்கிறேன். மூன்றாம் வகைக்கு ஒரே நாளில் போய்விட முடியாது. உங்கள் சொந்தக்காரர் விஷயத்தில் இப்போதைக்குச் செனகா ஏழாம் பாகத்தில் சொல்வதைச் செய்தால் போதும் என்று நினைக்கிறேன். முகத்துக்கு நேராகக் குத்திக்காட்டாதீர்கள். அரைகுறை நண்பனை முழு எதிரியாக்க அது ஒன்றே போதும். பார்த்தால் எப்போதும்போலப் பேசுங்கள். இனி பணம் கொடுப்பதா வேண்டாமா என்பது வேறு கேள்வி. யாருக்கு, எப்போது, எவ்வளவு என்று யோசித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று அவரே நிறைய எழுதியிருக்கிறார். ஏமாந்ததை நினைத்து மற்றவர்களுக்குக் கொடுப்பதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கொடுத்து இழப்பது பெரிய மனமல்ல, இழந்த பிறகும் கொடுப்பதுதான் பெரிய மனம் என்று எழுதித்தான் ஏழு பாகங்களையும் முடிக்கிறார்.

அதே ஏழாம் பாகத்தில் செனகா இன்னொன்றும் கேட்கிறார். உனக்குச் சின்ன வயதில் செய்தவர்களையெல்லாம் நீ நினைவில் வைத்திருக்கிறாயா? இந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்து மிக முழுமையாகப் பதில் எழுதியவர் மார்க்கஸ். 'தியானங்கள்' முதல் புத்தகம் முழுக்க 17 சிறு பகுதிகளில் தாம் யாரிடமிருந்து என்ன பெற்றோம் என்ற பட்டியல்தான். தாத்தாவிடமிருந்து கோபப்படாத குணம். அம்மாவிடமிருந்து எளிய வாழ்க்கை, கெட்டதைச் செய்யாமல் இருப்பது மட்டுமல்ல, நினைக்கவும் கூசுவது. தத்துவ ஆசிரியர் ரஸ்டிகஸ் தம் சொந்தப் பிரதியிலிருந்து எபிக்டெட்டஸின் பேச்சுகளைப் படிக்கக் கொடுத்தது. இலக்கண ஆசிரியர் ஒருவரிடமிருந்து, பேச்சில் பிழை விடுகிறவர்களை இடையில் மடக்காமல் இருப்பது. ஏற்றுக்கொண்ட தந்தையான அந்தோனினஸுக்கு மட்டும் மிக நீண்ட பகுதி. முடிவில் 'குவாடி மக்களிடையே, கிரானுவா ஆற்றங்கரையில்' என்று ஒரு வரி இருக்கிறது. இன்றைய ஸ்லோவாக்கியாவில் ஓடும் ஹ்ரோன் ஆறு அது. போர்முனையில் உட்கார்ந்து, தம் சிறுவயது வாத்தியார்களை ஒவ்வொருவராக நினைத்து எழுதியிருக்கிறார்.

நீங்கள் தொடங்க வேண்டியது அங்கேதான். முதலில் செனகாவின் 81ஆவது கடிதம், ஒரே இரவில் முடியும். அப்புறம் மார்க்கஸின் முதல் புத்தகம். பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 'தே பெனெஃபிசியிஸ்' பெரிது, நடுவில் கொஞ்சம் இழுக்கும், இரண்டாம் பாகத்தையும் ஏழாம் பாகத்தையும் மட்டும் முதலில் படிக்கலாம். முதல் புத்தகத்தை மட்டும் ஒரே மூச்சில் படித்துவிடாதீர்கள். நாளுக்கு ஒரு ஆள் போதும். பிளேட்டோவாதி அலெக்சாண்டர் வரும் பகுதியில் கொஞ்சம் நில்லுங்கள். தேவையில்லாமல் யாரிடமும் 'எனக்கு நேரமில்லை' என்று சொல்லவோ எழுதவோ கூடாது என்பதை அவரிடம் கற்றதாக மார்க்கஸ் எழுதியிருக்கிறார். அதைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, அந்தப் பழைய பக்கத்து வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன்.